அட்டையா, ஃபைலா, 3டி-யா: தையலுக்குப் போகும் பேட்டர்னை எப்படிக் கொடுப்பது?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் பன்னிரண்டு மெஷின் போட்டு டி-ஷர்ட் தைப்பவர். அவரிடம் பேட்டர்ன், அதாவது துணிமேல் வைத்து வரைந்து வெட்டும் வடிவ அச்சு, எல்லாம் அட்டையில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கணினியில் பேட்டர்ன் போடும் கேட் (CAD) மென்பொருளுக்கு மாறலாமா என்று கேட்டார். இன்னொருவர் குழந்தைகள் உடையைச் சொந்தப் பெயரில் விற்கிறார். தைத்துக் கொடுப்பது வேறு யூனிட். 3டி மென்பொருள் ஒன்றைப் பழகிக்கொண்டால் நேராக ஃபைலை அனுப்பித் தைத்து வாங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

நான் அட்டையில் பேட்டர்ன் வெட்டிப் பழகி, பிறகு கணினிக்கு மாறியவன். இரண்டிலும் தப்பு செய்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கேட், கேம் (CAM) என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அவை இரண்டு வேலைகள். பேட்டர்ன் வரைவது, சைஸ் வாரியாகப் பெருக்கிச் சுருக்குவது (கிரேடிங்), துணியில் பீஸ்களை அடுக்கி வெட்டு வரைபடமான மார்க்கர் போடுவது எல்லாம் கேட். அந்த ஃபைலை வாங்கிக்கொண்டு பிளாட்டர் என்ற வரையும் மெஷின் காகிதத்தில் வரைவதும், ஆட்டோ கட்டர் துணியை வெட்டுவதும் கேம். முன்னதை வாங்கினால் பின்னதையும் வாங்கியாக வேண்டும் என்பதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை உருப்படி தைக்கிறோம் என்பதை வைத்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். 500 உருப்படிக்கு கேட் எதற்கு, 50,000 உருப்படிக்கு அட்டை எப்படிப் போதும் என்று கேட்பார்கள். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பேட்டர்ன் எத்தனை முறை திருத்தப்படுகிறது, எத்தனை பேர் கைக்குப் போகிறது என்பதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே டி-ஷர்ட்டை மூன்று வருடமாக மாற்றாமல் லட்சக்கணக்கில் தைப்பவருக்கு அட்டையே போதும். நூறு நூறாகத் தைத்தாலும் மாதம் எட்டு மாடல் இறக்குபவர் அட்டையில் திணறிப் போவார்.

இதோடு சேர்த்து வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். எத்தனை சைஸ், ஒவ்வொரு சைஸுக்கும் இடையே வித்தியாசம் ஒரே சீராக இருக்கிறதா? துணிச் செலவில் எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும்? பேட்டர்னை வாங்கும் யூனிட்டில் எந்த மென்பொருள் இருக்கிறது, அல்லது எதுவுமே இல்லையா? கணினி முன்னால் தினமும் உட்காரப் போவது யார், அவர் போய்விட்டால் அடுத்து யார்? கடைசியாக, ஃபைல் யாருடைய கையில் இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் ஆரம்பத்தில் கேட்பதில்லை. பிறகு அதுதான் வலிக்கிறது.

## எதைத் தேர்ந்தாலும் தப்ப முடியாத வேலை

தேர்வுகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேட்டர்ன் என்பது வடிவத்தை மட்டும்தான் சொல்லும். அந்த வடிவத்தை எந்தத் துணியில், எந்தத் தையலில், எவ்வளவு விட்டுப் பிடித்துத் தைப்பது, தைத்து முடித்தபின் அளவு என்ன வர வேண்டும் என்பதையெல்லாம், பேட்டர்னோடு போகும் விவரக் குறிப்பான டெக் பேக்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருள் வாங்கினாலும் இந்த எழுத்து வேலை குறையாது.

மெஷர்மென்ட் சார்ட்டில் ‘மார்பு 50’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எங்கே வைத்து அளப்பது? அக்குளுக்கு நேராகவா, 2.5 செ.மீ. கீழேயா? தட்டையாக விரித்து ஓரத்திலிருந்து ஓரம் வரையா, முழுச் சுற்றா? துவைப்பதற்கு முன்பா, பின்பா? கூடக் குறைய எவ்வளவு வரலாம்? இவ்வளவும் எழுதினால்தான் உங்கள் 50-உம் அவர்களுடைய 50-உம் ஒன்றாகும்.

தையலுக்கும் அப்படித்தான். ‘ஓவர்லாக் அடிக்கவும்’ என்றால் மூன்று நூலா நான்கு நூலா என்று தைப்பவர் தானே முடிவு செய்துகொள்வார். தையல் வகைகளுக்கு ஐஎஸ்ஓ 4915 என்ற தரநிலை இருக்கிறது. அதில் 301 என்றால் சாதாரண லாக் ஸ்டிட்ச், 401 செயின் ஸ்டிட்ச், 504 மூன்று நூல் ஓவர்லாக், 514 நான்கு நூல், 406 இரண்டு ஊசி வைத்து அடிப்பக்கம் பின்னலாக விழும் கவர் ஸ்டிட்ச். இணைப்பு எப்படி மடிய வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 4916. எண்ணைப் போட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறுக்குவெட்டுப் படமும் போட்டுவிட்டால் எந்த மொழி பேசும் டெய்லருக்கும் புரியும்.

இன்னொரு வரியும் அவசியம்: பேட்டர்னும் சார்ட்டும் முரண்பட்டால் எது செல்லும்? பேட்டர்ன் பீஸை அளந்தால் வரும் அளவும், தைத்து முடித்த உடையின் அளவும் ஒன்றாக இருக்காது. தையலுக்கு விட்டது, துணி சுருங்குவது, தைக்கும்போது இழுபடுவது எல்லாம் நடுவில் இருக்கின்றன. ‘தைத்து, துவைத்து, காய்ந்தபின் வரும் அளவே இறுதி’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

## தேர்வு 1: அட்டை பேட்டர்ன்

அட்டையைப் பழைய முறை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கைக்கு அடக்கமாக, மின்சாரமும் லைசென்ஸும் இல்லாமல், கட்டிங் மாஸ்டர் உடனே எடுத்துத் துணிமேல் வைக்கக்கூடிய ஒரே வடிவம் அதுதான். நல்ல பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர் வெட்டிய கழுத்து வளைவில் இருக்கும் சீரை, மென்பொருளில் புதிதாக உட்காருபவர் எளிதில் கொண்டுவர முடியாது.

திருத்தம் வரும்போதுதான் கஷ்டம் தெரியும். குழந்தைகள் டி-ஷர்ட்டில் ஆறு சைஸ் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தை 5 மி.மீ. இறக்கச் சொல்கிறார்கள். முன்பக்கம், பின்பக்கம், கழுத்தைச் சுற்றி வரும் ரிப் பட்டி ஆகிய மூன்று பீஸும் மாறும். மூன்றை ஆறால் பெருக்கினால் 18 அட்டைகளை மறுபடி வெட்ட வேண்டும். அதில் ஒன்றை மாற்ற மறந்தாலும் அந்த சைஸில் மட்டும் ரிப் ஏறாது. வெட்டி, பண்டில் கட்டி, தையலுக்கு வந்தபிறகுதான் அது தெரியவரும்.

மறைமுகச் செலவுகளும் உண்டு. பென்சில் அல்லது சாக் கோடு அட்டை ஓரத்துக்கு வெளியே விழும். திரும்பத் திரும்ப வரைந்தால் ஓரம் தேயும், மூலை மழுங்கும். காற்றில் ஈரம் கூடினால் காகிதமும் அட்டையும் கொஞ்சம் விரியும். இதெல்லாம் ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் முன்பக்கமும் பின்பக்கமும் வேறுவேறு அளவில் தேய்ந்தால் பக்கத் தையல் சேராது. அப்புறம், பிரதி எடுப்பது. இரண்டு யூனிட்டில் ஒரே நேரத்தில் தைக்க வேண்டுமென்றால் இரண்டாவது செட் அட்டையைக் கையால் நகலெடுக்க வேண்டும். நகலுக்கு நகல் எடுத்தால் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும்.

மாடல் குறைவாக, மாற்றம் அரிதாக இருந்து, வெட்டுபவரும் பேட்டர்ன் போட்டவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அட்டை நன்றாகவே ஓடும். ஒவ்வொரு அட்டையிலும் மாடல் எண், சைஸ், எத்தனை பீஸ் வெட்ட வேண்டும், கிரெயின் லைன் (துணியில் நூல் ஓடும் திசை), தேதி, எத்தனையாவது திருத்தம் என்று எழுதும் பழக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும்.

## தேர்வு 2: கேட் வேலையை வெளியே கொடுப்பது

பேட்டர்னை நீங்களே அட்டையில் போட்டு, மற்ற சைஸ்களுக்கு அடிப்படையான பேஸ் சைஸை மட்டும் ஒரு கேட் சென்டரில் கொடுக்கலாம். அவர்கள் அதை டிஜிட்டைசர் பலகையில் வைத்துப் புள்ளி புள்ளியாகக் கணினியில் ஏற்றுவார்கள், அல்லது படம் பிடித்து ஏற்றுவார்கள். கிரேடிங் செய்து, மார்க்கர் போட்டு, பிளாட்டரில் முழு அளவுக் காகிதமாகக் கொடுப்பார்கள். மெஷினும் வேண்டாம், ஆளும் வேண்டாம். முதல் படி என்ற வகையில் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. டி-ஷர்ட் தைப்பவரிடம் இதைத்தான் சொன்னேன்.

ஆனால் கிரேடிங்கை அவர்கள் இஷ்டத்துக்கு விடக் கூடாது. ஒவ்வொரு சைஸுக்கும் எங்கே எவ்வளவு கூட்டுவது என்ற கிரேட் ரூல் உங்களுடையதாக இருக்க வேண்டும். மார்புச் சுற்று ஒரு சைஸுக்கு 4 செ.மீ. கூடுகிறது என்றால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் சேர்த்து நான்கு பக்க ஓரங்கள். ஒவ்வொன்றிலும் 1 செ.மீ. அது எளிது. தோள் எவ்வளவு கூடும், கை வளைவு எவ்வளவு இறங்கும், கழுத்து எவ்வளவு விரியும் என்பதில்தான் ஃபிட் இருக்கிறது. இவற்றை எழுதித் தராவிட்டால், அவர்கள் வேறு யாருக்கோ போட்ட ரூலை உங்கள் மாடலுக்கும் போட்டுவிடுவார்கள். சார்ட்டில் மார்பும் நீளமும் சரியாகவே இருக்கும். பெரிய சைஸில் மட்டும் கழுத்து தொங்கும்.

நாள் கணக்கு இங்கே மறைந்திருக்கும் இன்னொரு செலவு. மார்க்கர் 180 செ.மீ. அகலத்துக்குப் போட்டு வாங்கி வருகிறீர்கள். துணி வந்தால் சில ரோல்கள் 176 செ.மீ.தான் இருக்கிறது. மறுபடி சென்டருக்கு ஓட வேண்டும், அதுவரை டேபிள் சும்மா இருக்கும். இது மாதத்துக்கு ஒரு தடவை நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று தடவை என்றால் சொந்தமாகப் போடும் நேரம் வந்துவிட்டது.

ஃபைலைக் கேட்டு வாங்குவது மிக முக்கியம். பலரும் பிளாட் எடுத்த காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த வருடம் அந்த சென்டர் மூடிவிட்டால் உங்கள் பேட்டர்னும் போச்சு. காகிதத்தோடு, பல மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் ஃபைலையும் ஒவ்வொரு தடவையும் வாங்குங்கள். கூடவே ஆர்யுஎல் ஃபைல் என்று ஒன்றைக் கேளுங்கள். ஆடைத் தொழிலுக்கென்று இருக்கும் டிஎக்ஸ்எஃப் வகைகளான ஏஏஎம்ஏ, ஏஎஸ்டிஎம் இரண்டிலும் கிரேட் ரூல் தனி ஃபைலாகத்தான் போகும். அதை விட்டுவிட்டு டிஎக்ஸ்எஃப் மட்டும் அனுப்பினால் வாங்கும் இடத்தில் ஒரே ஒரு சைஸ்தான் திறக்கும்.

## தேர்வு 3: சொந்தமாக 2டி கேட்

இங்கேதான் பெரிய பெயர்கள் எல்லாம் வரும். கெர்பர் நிறுவனத்தின் அக்யுமார்க், லெக்ட்ராவின் மொடாரிஸ், ஆப்டிடெக்ஸ், டூக்காகேட் எல்லாம் பல யூனிட்களில் ஓடுகின்றன. கெர்பரும் லெக்ட்ராவும் நெடுங்காலம் போட்டியாளர்கள்; 2021-இல் கெர்பரை லெக்ட்ராவே வாங்கிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதனதன் ஃபைல் வகை இருக்கிறது, ஒன்றில் சேமித்தது இன்னொன்றில் அப்படியே திறக்காது.

சொந்தமாக வைத்துக்கொள்வதால் கிடைக்கும் பெரிய லாபம் திருத்தத்தில். பேஸ் சைஸில் கழுத்தை இறக்கினால் மற்ற ஐந்தும் தாமாக இறங்கும். கை வளைவின் நீளமும், கையின் மேல் வளைவு நீளமும் எல்லா சைஸிலும் பொருந்துகின்றனவா என்று சில நொடிகளில் அளந்துவிடலாம். அட்டையில் இதை ஒவ்வொரு சைஸுக்கும் டேப் பிடித்து அளக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நடு சைஸில் கையும் உடம்பும் அழகாகச் சேரும். பெரிய சைஸில் கை மட்டும் நீண்டு சுருக்கம் விழும். இரண்டையும் தனித்தனியாக கிரேட் செய்ததன் விளைவு அது.

துணி மிச்சம் இன்னொரு பக்கம். ஓர் ஆர்டருக்கு 82 சதவீத மார்க்கரில், அதாவது துணியில் 82 சதவீதம் பீஸ்களாகும் அடுக்கில், 1,000 கிலோ துணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆர்டரை 86 சதவீத மார்க்கரில் போட்டால் 953 கிலோ சொச்சம் போதும். 46 கிலோவுக்கு மேல் மிச்சம். பெரும்பாலான உடைகளில் துணிதான் மிகப் பெரிய செலவு என்பதால் மென்பொருளுக்குப் போட்ட பணம் இந்த வழியில்தான் திரும்பி வரும். கையால் மார்க்கர் போடுபவருக்கு ஒரு அடுக்கை யோசித்து வரையவே நேரம் சரியாக இருக்கும். கணினியில் சைஸ் சேர்க்கையை மாற்றி மாற்றிப் பத்து அடுக்குகள் போட்டுப் பார்த்து நல்லதை எடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மென்பொருள் காட்டும் சதவீதம் மார்க்கருக்குள் இருப்பதை மட்டும்தான் சொல்கிறது. லே போடும்போது (வெட்டுவதற்காகத் துணியை அடுக்கடுக்காக விரிக்கும்போது) இரு முனையிலும் விடுவது, ரோல் முடிவில் மிஞ்சும் துண்டு, ஓரக் கரையில் போவது எல்லாம் அதில் வராது.

மறைமுகச் செலவில் முதலிடம் ஆளுக்கு. லைசென்ஸைவிட, அதை இயக்குபவரைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் கடினம். மென்பொருளில் கைதேர்ந்தவர் எல்லோருக்கும் பேட்டர்ன் தெரியும் என்று நினைக்காதீர்கள். புள்ளிகளை நகர்த்தத் தெரியும், ஆனால் இங்கே நகர்த்தினால் உடம்பில் எங்கே இழுக்கும் என்று தெரியாதவர் பலர். உங்கள் பழைய பேட்டர்ன் மாஸ்டருக்கே கணினி கற்றுக்கொடுப்பது மெதுவாக நடந்தாலும் நல்ல பலன் தரும்.

அடுத்தது, பலரும் விழும் சில குழிகள். புதிதாக ஒரு புள்ளியைச் சேர்த்துவிட்டு அதற்கு கிரேட் ரூல் கொடுக்க மறந்தால் அந்த இடம் எல்லா சைஸிலும் நகராமல் நின்று கோடு கோணலாகும். எல்லா சைஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும், ஆனால் பார்க்க வேண்டும். பிளாட்டரும் அளவு தவறும். மாதம் ஒரு தடவை 1 மீட்டர் கோடு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் போட்டு ஸ்டீல் டேப்பால் அளந்து பாருங்கள்.

சுருக்கத்துக்குச் சேர்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துவைத்தபின் 70 செ.மீ. நீளம் வர வேண்டும், துணி 8 சதவீதம் சுருங்கும் என்றால் பேட்டர்ன் எவ்வளவு இருக்க வேண்டும்? 70-ஓடு 8 சதவீதத்தைக் கூட்டி 75.6 என்று போடுகிறார்கள். அது துவைத்தபின் 69.6 செ.மீ.க்கு வந்துவிடும். 70-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும், 76.1 வரும். மென்பொருளில் இந்த இரண்டு விதமாகவும் கட்டளைகள் இருக்கும், எது எந்தக் கணக்கு என்று ஒரு சதுரத்தைப் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நீளத்தில் 6 சதவீதம் சேர்த்து ஃபைலை ஒரு யூனிட்டுக்கு அனுப்பினேன். சேர்த்துவிட்டேன் என்று எங்கேயும் எழுதவில்லை. அவர்களும் துணியைச் சோதித்துப் பார்த்து, நல்ல எண்ணத்தில், தங்கள் பங்குக்கு 6 சதவீதம் சேர்த்து வெட்டிவிட்டார்கள். 70 வர வேண்டிய நீளம் 74.5 வந்தது. யாரும் அலட்சியமாக வேலை செய்யவில்லை. ஒரு வரி எழுதாமல் விட்டது நான்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு பீஸ் பெயரிலும் ‘சுருக்கம் சேர்த்தது: நீளம் 6, அகலம் 3’ என்று எழுதாமல் ஃபைலை வெளியே விடுவதில்லை.

இலவச மென்பொருள் பற்றியும் கேட்கிறார்கள். வாலன்டினா, அதிலிருந்து பிரிந்த சீம்லி2டி இரண்டும் கட்டணமில்லாதவை. உடல் அளவுகளைத் தனிப் பட்டியலாக வைத்து, பேட்டர்னை அந்த அளவுகளின் சூத்திரமாக வரைகிற முறை. ஒவ்வொருவர் அளவுக்கும் தனியாகத் தைப்பவர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். தொழிற்சாலைக்கு ஃபைல் கொடுப்பதாக இருந்தால் ஏற்றுமதி செய்தபின் நாட்ச் (பீஸ்களைச் சேர்க்க ஓரத்தில் போடும் சிறு வெட்டுக் குறி), கிரெயின் லைன், பீஸ் பெயர் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

## தேர்வு 4: 3டி

க்ளோ, ப்ரௌஸ்வேர் நிறுவனத்தின் வி-ஸ்டிட்சர் போன்றவற்றில் பேட்டர்ன் பீஸ்களைத் திரையிலேயே தைத்து ஒரு பொம்மை உடலுக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கே இறுக்கம், எங்கே தொளதொளப்பு என்பதை வண்ணமாகக் காட்டும். பிரிண்ட் எங்கே விழுகிறது, பாக்கெட் எவ்வளவு உயரத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் துணி வெட்டாமல் முடிவு செய்யலாம். ஆரம்பக்கட்ட சாம்பிள்களில் ஒன்றிரண்டு சுற்று குறைவது நிச்சயம்.

குழந்தைகள் உடை விற்பவருக்கு நான் சொன்னது இது: 3டி உங்களுக்கும் உங்கள் டிசைனுக்கும் இடையே நல்ல உதவி, உங்களுக்கும் தைக்கும் யூனிட்டுக்கும் இடையே அது போதாது. யூனிட்டுக்குத் தேவை அந்த 3டி படத்துக்கு அடியில் இருக்கும் 2டி பேட்டர்ன்தான். திரையில் நன்றாக உட்கார்ந்த பேட்டர்னில் தையல் விடுதல் இருக்கிறதா, நாட்ச் போட்டிருக்கிறதா, இடது வலது ஜோடி சரியா, உள் துணிக்குத் தனிப் பீஸ் உண்டா? 3டி-யில் மட்டும் பழகியவர்கள் அனுப்பும் ஃபைல்களில் இவை அடிக்கடி விடுபட்டிருக்கின்றன. அதைச் சரிசெய்ய யூனிட்டில் ஒரு பேட்டர்ன் மாஸ்டர் உட்கார்ந்தால் அந்த ஊகமெல்லாம் அவருடையது, உங்களுடையது ஆகாது.

துணியின் குணம் இன்னொரு சிக்கல். மென்பொருளோடு வரும் ஆயத்தத் துணிகளில் ஒன்றை எடுத்துப் போட்டால் உங்கள் துணி எப்படி விழும் என்று அது சொல்லாது. எடை, கனம், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எவ்வளவு இழுபடும், எவ்வளவு வளையும் என்றெல்லாம் அளந்து உள்ளிட வேண்டும். நிட்டிங் துணி துவைத்தபின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருவது, தையல் ஓரம் அலை அலையாக விரிவது, ரிப் கையில் எப்படி இருக்கிறது என்பது எதையும் திரை காட்டாது. அதனால் உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிளை, நிஜத் துணியில், நிஜ மெஷினில் தைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆன்லைனில் மாடல்களை முன்கூட்டியே காட்டி விற்பவர்களுக்கும், டிசைனர் ஒரு ஊரிலும் யூனிட் இன்னொரு ஊரிலும் இருப்பவர்களுக்கும் 3டி நன்றாகப் பயன்படும். ஆண்டுக்கு நாலு மாடல் மட்டும் போடுகிறவர் அதைப் பழகச் செலவிடும் மாதங்களில் நாலு சாம்பிளைத் தைத்தே பார்த்துவிடலாம்.

## நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அட்டை | வெளியே கேட் வேலை | சொந்த 2டி கேட் | 3டி-யும் சேர்த்து |
|---|---|---|---|---|
| ஒரு திருத்தத்துக்கு ஆகும் நேரம் | சைஸ் கூடக் கூட ஏறும் | சென்டரின் வரிசையைப் பொறுத்தது | நிமிடக் கணக்கு | நிமிடக் கணக்கு, கூடவே உடனே பார்க்கலாம் |
| துணி மிச்சம் | மார்க்கர் போடுபவர் திறமை | நல்லது, அகலம் மாறினால் தாமதம் | மிக நல்லது | 2டி-யைப் பொறுத்தது |
| தேவையான ஆள் | பேட்டர்ன் மாஸ்டர் | பேட்டர்ன் மாஸ்டர் | பேட்டர்னும் கணினியும் தெரிந்தவர் | அவரோடு துணிச் சோதனையும் தெரிந்தவர் |
| முக்கிய ஆபத்து | பழைய அட்டை கலந்துவிடுவது | ஃபைல் உங்களிடம் இல்லாதது | ஆள் விலகுவது, லைசென்ஸ் முடிவது | படத்தை நம்பி சாம்பிளைத் தவிர்ப்பது |
| யாருக்குப் பொருந்தும் | மாறாத மாடல், ஒரே இடம் | மாதம் சில மாடல் | தொடர்ந்து புது மாடல், பல சைஸ் | தூரத்திலிருந்து டிசைன் செய்பவர் |

## அப்புறம், ஆட்டோ கட்டர்

கெர்பர் நிறுவனம் கணினி இயக்கும் துணி கட்டரை 1969-இல் கொண்டுவந்தது. அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை. துளை விட்ட படுக்கையில் லே-யை வைத்து, மேலே பிளாஸ்டிக் படலம் போர்த்தி, கீழிருந்து காற்றை உறிஞ்சி லே-யை இறுக்கிப் பிடித்து, மேலும் கீழும் ஆடும் கத்தி மார்க்கர் ஃபைல்படி வெட்டும். மேல் பீஸும் அடிப் பீஸும் ஒரே அளவில் வரும், நாட்ச் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கும்.

தினமும் நாள் முழுக்க வெட்டுவதற்கு வேலை இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். கத்தி, தீட்டும் கல், படுக்கை, பிளாஸ்டிக் படலம், மின்சாரம் என்று மெஷினின் விலைக்குப் பிறகும் செலவு நிற்காது. மார்க்கரில் கத்தி போய்வர பீஸ்களுக்கு இடையே சிறு இடைவெளி விடுவதால் துணியும் கொஞ்சம் கூடுதலாகப் போகும்; அதை மிச்சக் கணக்கில் கழிக்க வேண்டும். துணியைத் தளரவிடாமல் இழுத்து லே போட்டால் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் வெட்டிய பீஸ் சுருங்கிக்கொள்ளும். மற்றவர்கள், பெரிய ஆர்டர் வரும்போது ஆட்டோ கட்டர் வைத்திருப்பவரிடம் வெட்டிக் கொடுக்கும் கூலிக்கு விடலாம். உங்களிடம் சுத்தமான மார்க்கர் ஃபைல் இருந்தால் போதும்.

## முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை

டெமோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். டெமோவில் எப்போதும் சுலபமான மாடலைத்தான் காட்டுவார்கள். உங்களிடம் இருப்பதிலேயே தொந்தரவு கொடுக்கும் மாடல் ஒன்றை எடுங்கள். காலர் உள்ளது, அல்லது கோடு போட்ட துணியில் கோடு சேர வேண்டியது. அதை எல்லா சைஸிலும் செய்து தரச் சொல்லுங்கள். பிறகு கழுத்தை 5 மி.மீ. மாற்றச் சொல்லிவிட்டு நேரம் பாருங்கள்.

அந்த ஃபைலை டிஎக்ஸ்எஃப், ஆர்யுஎல் இரண்டுமாக வெளியே எடுத்து, உங்களுக்குத் தைக்கப்போகும் யூனிட்டில் திறக்கச் சொல்லுங்கள். ஃபைலுக்குள் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்றையும் ஒரு பீஸாகப் போட்டு அனுப்புங்கள். அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பியிருந்தால் அந்தச் சதுரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சைஸ் எல்லாம் வந்ததா, நாட்ச் எண்ணிக்கை சரியா, தையல் விடுதல் ஒரு தடவைதான் சேர்ந்திருக்கிறதா, கை இரண்டும் இடது வலதாக வந்ததா என்று பாருங்கள்.

கடைசியாக, டெக் பேக்கையும் பேட்டர்னையும் அனுப்பிவிட்டு மூன்று நாள் ஒரு நோட்டை எடுத்து வையுங்கள். கட்டிங் டேபிளிலிருந்தும் தையல் லைனிலிருந்தும் வரும் ஒவ்வொரு போனையும் அதில் எழுதுங்கள். ‘இந்த ஓரம் மடித்து அடிப்பதா’ என்று கேட்டால் டெக் பேக்கில் குறை. ‘இந்த சைஸில் பக்கம் சேரவில்லை’ என்றால் கிரேடிங்கில். ‘துணி அகலம் பத்தவில்லை, மார்க்கர் மாற்றித் தாருங்கள்’ என்ற போன்தான் அதிகம் என்றால் மட்டும் சொந்தமாக 2டி கேட் வாங்குவதைப் பற்றி விலை கேட்க ஆரம்பியுங்கள். டி-ஷர்ட் தைப்பவர் இந்த நோட்டை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் மாடலுக்கு வந்த ஒன்பது போன்களில் ஏழு, டெக் பேக்கில் ஒரு வரி எழுதியிருந்தால் வந்திருக்காதவை.